மறு: டெப்த் ஆஃப் ஃபீல்டு – ‘புல ஆழம்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம். படத்தில் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழுகிறது என்பதைச் சொல்லும் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’க்கு நான் முன்வைத்த ‘தெளிவாழம்’ என்ற சொல் பற்றிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

> ‘புல ஆழம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, அண்ணா. அதைப் படிப்பவருக்கு என்ன விளங்கும் என்பதுதான் என் கவலை. தூண்டில் ஈக்களை (மீனை ஏமாற்ற முள்ளில் கட்டும் போலி ஈக்களை) வீட்டிலேயே சாதாரண கேமராவில் படம் எடுப்பது பற்றிய கட்டுரைக்குத்தானே இந்தச் சொல்லைத் தேடுகிறோம்? ராயபுரத்தில் என் மைத்துனர் கட்டும் ஈ ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சேவலின் கழுத்து இறகை நூலால் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டுவது. (கடல்மீன் பிடிக்கும் எங்கள் காசிமேட்டில் இதற்கு வேலையே இல்லை. நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் கேட்பார்கள்.)

சின்ன வைஸில் (பிடிப்பு இடுக்கியில்) முள்ளை மாட்டி, பக்கவாட்டில் கேமராவை வைத்து, முள்ளின் தண்டில் ஃபோகஸ் செய்தால் காது, தண்டு, வளைவு மூன்றும் ஒரே தளத்தில் பளிச்சென்று விழும். இறகிழைகளோ தண்டைச் சுற்றி நாலாபுறமும் விரிந்து நிற்பவை. நம்மை நோக்கி நீட்டும் இழையும் மங்கல், அந்தப் பக்கம் நீட்டும் இழையும் மங்கல். ஃபோகஸ் செய்த தளத்துக்கு முன்னும் பின்னும் எதுவரை தெளிவு நிற்கிறதோ, அந்த அளவுக்குத்தான் பெயர் வேண்டும். ‘புலம்’ என்றால் காட்சிப்புலம்தான் நினைவுக்கு வரும். அது படத்துக்குள் எவ்வளவு இடம் அடங்குகிறது என்ற கணக்கு. அதனால்தான் ‘தெளிவாழம்’ என்கிறேன்.

> ‘குவிய ஆழம்’ என்றால்?

வேண்டாம். லென்சுக்குப் பின்னால், சென்சார் இருக்கும் பக்கத்தில், தெளிவு கெடாமல் முன்பின் நகர எவ்வளவு இடமிருக்கிறது என்ற அளவு ஒன்று உண்டு. ஒளியியலில் அது தனி. ‘குவிய ஆழம்’ அதற்கே இருக்கட்டும்.

> கடலில் பாகக் கணக்கில் (விரித்த கைகளின் நீள அளவில்) ஆழம் பார்க்கிற ஊர்க்காரர் நீங்கள், மில்லிமீட்டரைப் போய் ஆழம் என்கிறீர்களே! ‘தெளிவுத் தடிமன்’ எப்படி?

நல்ல கிண்டல்! முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில், பொருளின் பிம்பம் சென்சாரில் உள்ளது உள்ள அளவில் விழும்படி, எஃப் 8 என்ற ஒளித்துளை (அபர்ச்சர்) அளவில் எடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் அதே கேமரா துறைமுகத்தை எடுக்கும்போது முன்படகிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழலாம். அதைத் தடிமன் என்றால் ஒட்டாது. சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். “ஒளித்துளையைச் சுருக்கினால் தெளிவாழம் கூடும், மிகவும் சுருக்கினால் ஒளிச்சிதறலால் படம் முழுதுமே மழுங்கும்.” “கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் தெளிவாழம் கிடைக்கும், நுணுக்கம் குறையும்.” “சென்சார் சிறிதாக இருப்பதால், இதே படத்துக்குப் பாக்கெட் கேமராவில் தெளிவாழம் அதிகம்.” இடறவில்லை.

ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்குவதற்குத் ‘தெளிவடுக்கு’ என்றும் இதிலிருந்தே வருகிறது. ‘படவடுக்கு’ என்று முன்பு ஒருவர் சொன்னது மோசமில்லை, ஆனால் எதற்காக அடுக்குகிறோம் என்பது அதில் இல்லை.

கட்டுரையில் வரும் மேசை, ஜன்னல் வெளிச்சம், அதன்மேல் டிரேசிங் பேப்பர், இரண்டு நொடி டைமர் இவற்றுக்கெல்லாம் புதுச்சொல் தேட வேண்டாம், அப்படியே விடலாம். மேலே டிஃப்ராக்‌ஷனுக்கு (சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதற்கு) வைத்த ‘ஒளிச்சிதறல்’தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாடநூல்கள் அந்தச் சொல்லை வேறு நிகழ்வுக்கு (ஸ்கேட்டரிங்) வைத்திருக்கின்றன. ‘விளிம்பு விளைவு’ என்று மாற்றிவிடலாமா? இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.