ராணியின் பின்னங்கால்கள்

குழு: வெள்ளவத்தை வீட்டார்

தர்ஷினி: அனு காலையிலிருந்து அழுகிறாள். அவள் சவாரி பழகும் குதிரை ராணிக்கு நேற்று மாலை முதல் பின்னங்கால்கள் பின்னிக்கொள்கின்றன. திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. இடது குளம்பு மண்ணில் உரசிக் கோடு போடுகிறது. வழுக்கி விழுந்திருக்கும், ஒத்தடம் போதும் என்கிறார்கள் லாயத்தில்.

கஜன்: அக்கா, காய்ச்சல் இருக்கிறதா? சாப்பிடுகிறதா?

தர்ஷினி: காய்ச்சல் இல்லை. புல்லும் கொள்ளும் வழக்கம்போலத் தின்கிறது.

சோதி மாமா: அப்படியென்றால் சுளுக்குத்தான் பிள்ளை.

கஜன்: அதை வைத்து விட்டுவிடக் கூடாது மாமா. பக்கத்தில் மாடு கட்டுகிறார்களா அக்கா?

தர்ஷினி: மதிலுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பசுக்கள். கொட்டில் கழுவும் தண்ணீர் லாயத்துக் கானில்தான் வந்து தேங்குகிறது. அந்தியானால் நுளம்பு மொய்க்கிறது.

கஜன்: எனக்கு அதுதான் பயம். மாட்டின் வயிற்றறையில், குடலுக்கு வெளியே, செட்டேரியா டிஜிடாட்டா என்ற புழு குடியிருக்கும். பேராதனையில் ஒரு மாட்டை அறுத்துப் பரிசோதித்தபோது பார்த்தேன்: ஈரக் குடலின் மேல் வெள்ளை நூல் நூலாக நெளிந்தன. மாட்டுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. அதன் குஞ்சுப் புழுக்கள் மாட்டின் இரத்தத்தில் ஓடும். நுளம்பு அதை உறிஞ்சி, தன் உடலில் வளர்த்து, குதிரையைக் கடிக்கும்போது இறக்கிவிடும். குதிரை அந்தப் புழுவுக்குப் பழகிய உடல் அல்ல. அது வழிதவறி முள்ளந்தண்டுக்குள் புகுந்து நரம்பைச் சிதைக்கும். இந்தியாவில் இதைக் கும்ரி என்பார்கள். நம் நாட்டில் ஆடுகளுக்கும் வரும்.

பெரியம்மா: ஊரில் எங்கள் வெள்ளாடு ஒன்று அப்படித்தான் கிடந்தது தம்பி. முன்காலால் உடம்பை இழுத்து வந்து குழை தின்றது. கண் தெளிவாகவே இருந்தது. பாம்பு தீண்டியது என்று பார்வை பார்த்தோம். பாவம். அனுவுக்கும் தொற்றுமா?

கஜன்: குதிரையைத் தடவுவதால் தொற்றாது பெரியம்மா. யானைக்கால் நோய்ப் புழுவின் இனம்தான் இது, ஆனால் வேறு புழு.

பெரியம்மா: முன்பு இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்களே, அந்த நோயா?

கஜன்: அதேதான். அந்தப் புழு இரவில்தான் இரத்தத்தில் தெரியும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இலங்கை அதை ஒழித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது.
அக்கா, ஒத்தடம் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். வேறு காரணமாகவும் இருக்கலாம், பார்த்துச் சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர். இன்றே கூப்பிடுங்கள். புழுவை அடக்கவும் வீக்கத்தைத் தணிக்கவும் மருந்து இருக்கிறது. சிதைந்த நரம்பை மீட்கத்தான் மருந்து இல்லை. கடையில் பூச்சி மருந்து வாங்கி ஒரு மதிப்பில் கொடுக்கவும் விடாதீர்கள்.

சோதி மாமா: சுளுக்கு என்று சொன்னதற்கு வருந்துகிறேன். வைத்தியரை என் காரில் அழைத்து வருகிறேன். கானை வெட்டிவிடவும் இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன்.

கஜன்: நல்லது மாமா. லாயத்துக்கு இன்றிரவே வலை கட்டுங்கள். மற்றக் குதிரைகளும் அங்கேதானே நிற்கின்றன.

தர்ஷினி: வைத்தியர் நான்கு மணிக்கு வருகிறார். அனு புல் நீட்டுகிறாள். ராணி சுவரில் சாய்ந்தபடி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.