ஹைலக்ஸ் எல்என்106: பழையபடி கட்டுறதா, எஞ்சினை மாத்துறதா?

வன்னிவெயில்
கிளிநொச்சியில எங்கட முற்றத்தில ஒரு ரொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106 டபிள் கெப் (ரெண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) நிக்குது. 1991ஆம் ஆண்டு வண்டி, 3எல் டீசல் எஞ்சின், 2,779 சிசி. ஆனையிறவு உப்புக்காத்தில கனகாலம் ஓடினபடியால் கீழ முழுக்கக் கறள். ஸ்ராட் வருது, இழுவைதான் இல்லை. 1கேஸெட் ரேபோ எஞ்சின் (காத்தை அமுக்கி உள்ளுக்கு விடுறது, 2,982 சிசி) ஒண்டு றீகண்டிசனில எடுத்துப் பூட்டி, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி, 31 அங்குல ரயர் போடுவம் எண்டு யோசிக்கிறன். வெல்டிங் மெசின் வீட்டில இருக்கு. செய்த ஆக்கள் சொல்லுங்கோ.

கறள்தட்டி
தம்பி, எஞ்சினை விடும். சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழ படும். பின் அச்சுக்கு மேல செசி (அடிச்சட்டம்) வளையிற இடம், ஸ்பிரிங் பூட்டுற இடம், ரெண்டையும் தட்டிப் பாரும். டண் எண்டு கேக்க வேணும். பொத் எண்டால் உள்ளுக்குத் தகடு இல்லை. எனக்கு வித்த மனுசன் ஓட்டையை ஃபைபரால் மூடி மேல கறுப்பு அடிச்சு வைச்சிருந்தவர். நான் கண்டுபிடிச்சது ஒரு வருசம் கழிச்சு, அதுவும் நெல்லு மூட்டை ஏத்தின நேரம்!

ரேபோராசா
கறள் பாக்கிறது சரி அண்ணை. ஆனால் அந்த 3எல் எஞ்சினுக்கு நூறு குதிரைவலுவும் இல்லை. பாரத்தோட ஏ9 வீதியில ஒரு பஸ்ஸை முந்த முடியுமோ? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இல திறக்கிறதுக்குள்ள பழசுகளின்ர விலை எங்க போச்சு எண்டு தெரியும்தானே. புதுசு எங்களுக்கு எட்டாது. இருக்கிறதை நாளாந்தம் ஓடக்கூடியதாக்கிறதில என்ன பிழை? நூதனசாலைக்கோ கட்டுறம்?

கறள்தட்டி
நூதனசாலை எண்டு நான் சொல்லேல்லை. 1கேஸெட்டின்ர ஹெட் (எஞ்சின்ர மேல்பாகம்) ஒருக்கா சூடேறினால் வெடிப்பு விழும், அது ஊரறிஞ்ச கதை. கொம்பியூட்டர் பெட்டி, வயறிங், பெரிய ரேடியேற்றர் எல்லாம் அதோட வரும். பழைய கியர் பெட்டியும் அந்த இழுவைக்கு எண்டு செய்ததில்லை. மாத்தத்தான் வேணும் எண்டால் 5எல் போடும், 2,986 சிசி. அதே எல் குடும்பம், ரேபோ இல்லை, கனக்க வெட்டிக் கொத்தத் தேவையில்லை.

பஞ்சிகாவத்தைப் பொடியன்
எந்த எஞ்சின் எண்டாலும் பழைய எஞ்சின்ர இலக்கம் வண்டிப் பதிவுப் புத்தகத்தில இருக்கு. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில மாத்திப் பதியாட்டில் விக்கேக்கை அம்பிடுவீங்கள். எஞ்சின் வாங்கேக்கையே கடதாசியைக் கேட்டு வாங்குங்கோ, பிறகு தாறன் எண்டால் தரமாட்டினம்.

ரேபோராசா
கடதாசி எடுக்கலாம், நான் எடுத்தனான். 31 ரயரைப் போட்டு 3எல்லோட விட்டால் வண்டி இன்னும் சோம்பல், அதுக்கும் சேத்துத்தான் எஞ்சினை மாத்தச் சொல்லுறன்.

கறள்தட்டி
அப்ப ரயரைப் போடாதையும், பிரச்சினை முடிஞ்சுது 😀

பகிடியை விடுவம். வண்டியோட வாற 205ஆர்16 ரயர் கிட்டத்தட்ட 29 அங்குலம். 31க்குப் போனால் மீற்றர் 60 காட்டேக்கை நீர் 64இல போறீர். உயர்த்துறதில அதைவிடப் பெரிய வில்லங்கம் பிறேக். பின் அச்சில ஒரு கம்பி போய் ஒரு வால்வில பூட்டியிருக்கும். அச்சுக்கும் உடம்புக்கும் இடைவெளி கூடினால் பாரம் இல்லை எண்டு நினைச்சு அது பின் பிறேக்கின்ர அமுக்கத்தைக் குறைக்கும். உயர்த்தினவை கனபேர் இதைத் தொடுறதில்லை. பிறகு பிறேக் பிடிக்குதில்லை எண்டு பாட் மாத்துவினம், சிலிண்டர் மாத்துவினம். அந்தக் கம்பியின்ர பிடியையும் அதே அளவுக்குத் தூக்கிப் பூட்ட வேணும். ஸ்ரியறிங் தண்டும் சாயும். பள்ளத்தில விழேக்கை கைப்பிடி தானாத் திரும்பும்.

ரேபோராசா
வால்வு விசயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்ளுறன். என்ர வண்டியிலயும் இண்டைக்குப் பின்னேரம் பாக்கோணும். எண்டாலும் எஞ்சினில உங்களோட ஒத்துவரமாட்டன்.

வன்னிவெயில்
தட்டிப் பாத்தன். வலப்பக்கம் டண். இடப்பக்கம் பின் ஸ்பிரிங்குக்குக் கிட்ட சுத்தியலே உள்ள போட்டுது. முன் சில்லு ரெண்டின்ர உள்பக்கமும் கறுப்பாத் தண்ணிமாதிரி வழியுது, அது என்ன?

கறள்தட்டி
முன் அச்சின்ர உள் சீல் போட்டுது. டிஃப் (அச்சு நடுவில இருக்கிற பல்சக்கரப் பெட்டி) ஒயில் மூட்டுக் கிறீஸோட கலந்து வருது. சீல் செற் வாங்கி வீட்டிலயே செய்யலாம், ஊத்தை வேலை, ஆனால் கஷ்டமில்லை. செசிக்கு நல்ல தகடு தெரியிற மட்டும் வெட்டும். மேல போடுற தகட்டைச் சதுரமா வெட்டிக் குறுக்கால நேர்கோட்டில ஒட்டாதையும், அந்தக் கோட்டிலேயே பிறகு வெடிக்கும். நுனியைச் சாய்சதுரமா வெட்டி ஒட்டும். வெல்டிங் தொட முன்னம் பற்றரியும் ஓல்ரனேற்றரும் கழட்டியிருக்க வேணும், டீசல் ராங்க் இறக்கியிருக்க வேணும்.

ரேபோராசா
அவர் சொல்லுற மாதிரிச் செசி ஒட்டி முடிக்க மாரி வந்திடும் தம்பி. எஞ்சினை இப்பவே பேசி வையுங்கோ.

வன்னிவெயில்
ராங்க் இறக்கியாச்சு. மற்றதைப் பிறகு பாப்பம்.