கேஸ் ஹீட்டர் எரிந்து எரிந்து அணைகிறது, பிரஷர் ஸ்விட்சுக்கு ஜம்பர் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

ஈரத்துண்டு:

எல்லாருக்கும் வணக்கம். நீச்சல் குளமும் அதை ஒட்டி ஒரு ஸ்பாவும் இருக்கிற வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ் ஹீட்டர்தான், 2,50,000 பிடியு (சூட்டுத் திறனின் அளவு), எல்பிஜியில் ஓடுவது. குளம் சுமார் 60,000 லிட்டர், ஸ்பா 2,000 லிட்டர். அம்மாவுக்கு முழங்கால் வலி. சாயங்காலம் வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ராத்திரி நன்றாகத் தூங்குகிறார், அதனால் குளிர்காலமோ வெயில்காலமோ ஸ்பா ஓட வேண்டும் என்று நினைக்கிறோம்.

பிரச்சினை இதுதான். ஹீட்டர் பற்றுகிறது, இரண்டு மூன்று நிமிடம் எரிகிறது, டக்கென்று அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகப் பற்றும், மறுபடி அணையும். குளத்துக்குத் திருப்பி ஓட்டினால் கொஞ்சம் தேவலை, ஸ்பாவுக்குத் திருப்பினால் ரொம்ப மோசம். எரியும்போது உள்ளே கடமுடவென்று ஒரு சத்தமும் வருகிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டும் ஸ்பா 30 டிகிரியைத் தாண்டவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக், பிரஷர் ஸ்விட்ச் போய்விட்டது, புதுசு வாங்கும்வரை அதன் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி ஜம்பர் போட்டு ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது என்கிறார். போடலாமா? அம்மா உட்காரும் தண்ணீர் என்பதால் பயமாக இருக்கிறது.

பம்ப்ரூம்வாசி:

போடாதீர்கள். ஒரு நாளைக்குக்கூட வேண்டாம், சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்றும் ஓடவிடாதீர்கள்.

அந்த ஸ்விட்சுக்கு ஒரே வேலைதான். ஹீட்டருக்குள் தண்ணீர் போதுமான அழுத்தத்தோடு வருகிறதா என்று பார்க்கும், வரவில்லை என்றால் கேஸை நிறுத்தும். ஜம்பர் போட்டுவிட்டால் பம்ப் நின்றாலும் அது ஹீட்டருக்குத் தெரியாது. உள்ளே இருக்கிற செப்புக் குழாய்களில் தேங்கியிருப்பது கொஞ்சம் தண்ணீர்தான், கீழே எரிவதோ 70 கிலோவாட்டுக்கு மேல். கண்மூடித் திறப்பதற்குள் நீராவி. பிவிசி குழாய் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், அப்புறம் இணைப்பு கழன்று கொதிநீர் எந்தப் பக்கம் பீறிடும் என்று சொல்ல முடியாது. சூடு எல்லை மீறினால் நிறுத்துகிற ஹை லிமிட் ஸ்விட்ச் ஒன்று தனியாக இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்விட்சைக் கட்டிப்போட்டவர் அடுத்தது தகராறு செய்தால் அதையும் கட்டிப்போடுவார்.

அந்த ஸ்விட்ச் நன்றாகவே இருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. தண்ணீர் குறைவாக வருகிறது, அதைத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கிறது. கீழே கேட்டிருப்பதற்குப் பதில் போடுங்கள், மேலே பேசலாம்.

ஃபில்டர் மேல் இருக்கிற அழுத்தம் காட்டும் கேஜ் இப்போது எவ்வளவு காட்டுகிறது? கழுவிய புதிதில் எவ்வளவு காட்டும் என்று தெரியுமா? குளோரின் மாத்திரையை எங்கே போடுகிறீர்கள்? தண்ணீரின் பிஹெச் என்ன? ஹீட்டர் திறந்த வெளியில் நிற்கிறதா, அறைக்குள்ளா? பம்ப் ஒரே வேகமா, வேகம் மாற்றுகிற ரகமா?

ஈரத்துண்டு:

நன்றி சார். கேஜ் 26 பிஎஸ்ஐ காட்டுகிறது. முன்பு இருந்தவர்கள் ஃபில்டர் மேல் "சுத்தம் 14" என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்கள். மாத்திரை ஸ்கிம்மர் கூடைக்குள் (குளத்து ஓரத்தில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கிற கூடை) போடுகிறோம், அவர்கள் அப்படித்தான் செய்ததாகச் சொன்னார்கள். சோதனைப் பட்டையில் பார்த்தால் பிஹெச் 6.8 பக்கம் வருகிறது. தண்ணீர் அடி வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் லேசாகப் பச்சை சாயல், ஸ்பா படிக்கட்டிலும் நீலப்பச்சையாக ஒரு கறை. பம்ப் வேகம் மாற்றுகிறதுதான்.

ஹீட்டர் நிற்பது ஒரு சின்னப் பலகை அறைக்குள். மழை படாமல் இருக்க முன்பு இருந்தவர்களே மூன்று பக்கமும் அடைத்து மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். குளோரின் வாளி, ஆசிட் கேன் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன.

பம்ப்ரூம்வாசி:

14 இருக்க வேண்டிய இடத்தில் 26. பாதி விடை இதிலேயே வந்துவிட்டது. சுத்தமாக இருக்கும்போது காட்டுவதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினாலே பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரைப் பின்னோக்கி ஓட்டி ஃபில்டரைக் கழுவ வேண்டும். கேஜில் அழுத்தம் கூடுதலாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் ஸ்விட்ச் குறைவு என்கிறது என்று நிறைய பேர் குழம்புவது இந்த இடத்தில்தான். கேஜ் காட்டுவது ஃபில்டருக்கு முன்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிற அழுத்தம். ஹீட்டர் இருப்பது ஃபில்டருக்கு அந்தப் பக்கம். அழுக்கைத் தாண்டி வழிந்து வருவது மட்டும்தான் அதற்குக் கிடைக்கிறது. ஓட்டம் குறைந்தால் குழாய்க்குள் தண்ணீர் ஆங்காங்கே கொதிக்கும், அந்தக் கடமுட சத்தம் அதுவாக இருக்கலாம். உள்ளே உப்பு படிந்திருந்தாலும் இதே சத்தம் வரும். ஆகவே முதலில் பேக்வாஷ், அதற்குப் பிறகும் சத்தம் இருந்தால்தான் உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

நீலவால்வ்:

அந்தப் பச்சை சாயலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பாசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குளோரினைக் கொட்டிவிடுவார்கள். பாசி என்றால் தண்ணீர் கலங்கும், சுவர் வழுவழுப்பாகும். தெளிவாக இருந்தும் பச்சையடிக்கிறது, கறை நீலப்பச்சையாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது செம்பு. உங்கள் ஹீட்டரின் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான், அதாவது தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்துகிற அந்தச் செப்புக் குழாய்கள்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் வருகிறது. செம்பு அளவு பார்க்கிற சோதனைப் பட்டை தனியாகக் கிடைக்கும், பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

காரணம் அந்த மாத்திரை. ட்ரைகுளோர் என்கிற இந்த வகைக் குளோரின் மாத்திரை கரைகிற தண்ணீரின் பிஹெச் 3 பக்கம் போகும். ஸ்கிம்மர் கூடையில் கிடந்தால் பம்ப் நின்றிருக்கும்போதும் கரைந்துகொண்டே இருக்கும், காலையில் பம்ப் ஓட ஆரம்பித்ததும் தேங்கிய அந்த அமிலத் தண்ணீர் அப்படியே ஃபில்டர் வழியாக ஹீட்டருக்குள் பாயும். தினமும் இது நடந்தால் எந்தச் செம்பு தாங்கும்? வரிசை இப்படி இருக்க வேண்டும்: பம்ப், ஃபில்டர், ஹீட்டர், ஒரு செக் வால்வ் (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுவது), அதற்கும் பிறகுதான் குளோரினேட்டர் (மாத்திரையைக் கரைத்துக் குழாயில் கலக்கிற கருவி). செக் வால்வ் இல்லாவிட்டால் பம்ப் நிற்கும்போது குளோரின் பின்னோக்கி ஹீட்டருக்குள் வரும். அந்தக் குளோரினேட்டர் வைக்கிற வரைக்கும் மிதக்கும் டப்பாவில் மாத்திரையைப் போட்டுக் குளத்தில் விடுங்கள், ஸ்பாவில் வேண்டாம்.

பிஹெச்சை 7.4 முதல் 7.6 வரை கொண்டுவாருங்கள், காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம், கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400. காரத்தன்மையை முதலில் சரி செய்யுங்கள், பிஹெச் அதன் பின்னாலேயே வந்துவிடும். ரொம்ப மேலே போனாலும் ஆபத்து, அப்போது கரைவதற்குப் பதில் குழாய்க்குள் உப்பு படியும். ஸ்பாவில் தண்ணீர் கொஞ்சம், சூடு அதிகம், அளவு சீக்கிரம் மாறும். குளத்தைவிட ஸ்பாவை அடிக்கடி பாருங்கள்.

சுடர்73:

எல்லாரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பலகை அறைதான் வயிற்றைக் கலக்குகிறது. ஈரத்துண்டு, தயவுசெய்து ஹீட்டரை இப்போதே நிறுத்தி கேஸ் வால்வையும் மூடிவிட்டு மீதியைப் படியுங்கள்.

திறந்த வெளிக்கென்று செய்த ஹீட்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றை இழுத்து எரிகிறது, புகையையும் தன் தலைக்கு மேலேயே விடுகிறது. அதை மூன்று பக்கம் பலகையும் மேலே தகரமும் போட்டு அடைத்தால், விட்ட புகையையே திரும்ப இழுக்கும். காற்று போதாமல் அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும், வெளிக்காற்றுக்கு வந்தால் குறையும், அதனால் ஏதோ அசதி என்று விட்டுவிடுவார்கள். அந்த அறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா? அதன் உள்ளே யார் படுக்கிறார்கள்?

ஹீட்டர் ஆறிய பிறகு டார்ச் அடித்து மேல் மூடியின் இடுக்குகளைப் பாருங்கள். கறுப்பாகக் கரி படிந்திருக்கிறதா? முன் பக்கப் பெயிண்ட் கருகியோ கொப்பளித்தோ இருக்கிறதா? எரிந்தபோது தீ நீலமாக இருந்ததா, மஞ்சளாக நீண்டு ஆடியதா? இதில் ஒன்று இருந்தாலும் கேஸ் வேலைக்கு உரிமம் உள்ளவர் வந்து பார்க்கும்வரை அதைத் தொடாதீர்கள். கரி படிந்தால் புகை போகிற வழி அடைபடும், வழி அடைபட்டால் தீ முன்பக்கமாக வெளியே வரும்.

அந்த வாளியையும் ஆசிட் கேனையும் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள். அவற்றின் ஆவியை பர்னர் இழுத்தால் உள்ளே அமிலமாகி உலோகத்தைத் தின்னும்.

இன்னொன்று, எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். பற்ற வைப்பதற்கு முன் குனிந்து தரை அருகே முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய் அங்கிருந்து போன் செய்யுங்கள். வாசனையே இல்லாமல் சும்மா பற்றவில்லை என்றாலும் 5 நிமிடம் விட்டுத்தான் மறுபடி முயற்சிக்க வேண்டும், அதுவும் முகத்தை பர்னர் பக்கம் கொண்டுபோகாமல்.

ஈரத்துண்டு:

படித்தவுடனே நிறுத்தி வால்வை மூடிவிட்டேன். மேல் மூடியின் இடுக்கில் கரி இருக்கிறது, விரலை வைத்தால் மை போல ஒட்டுகிறது. தீ மஞ்சளாகத்தான் எரிந்தது. அது சாதாரணம் என்று நினைத்திருந்தோம். ஜன்னல் இருக்கிறது, ஆனால் அது பண்டக அறை, யாரும் படுப்பதில்லை. உரிமம் உள்ள ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன், அதுவரை அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம்தான்.

ஈரத்துண்டு:

நிலவரம் சொல்கிறேன். பலகையும் தகரமும் கழற்றியாயிற்று. வந்தவர் மேல் பக்கத்தைத் திறந்து செப்புக் குழாயின் மடிப்புகளிலிருந்து கரியைச் சுத்தம் செய்தார், பர்னர் துளை இரண்டில் சிலந்தி வலை அடைத்திருந்தது, அதையும் எடுத்தார். கேஸ் அழுத்தத்தைக் கருவி வைத்து அளந்து சரிபார்த்தார். இப்போது தீ நீலமாக, குட்டையாக நிற்கிறது. பிரஷர் ஸ்விட்சை மீட்டர் வைத்துப் பார்த்தார், பம்ப் ஓடும்போது சேர்கிறது, நின்றால் பிரிகிறது, ஸ்விட்சில் ஒரு குறையும் இல்லை என்றார்! குழாய் உள்பக்கம் கொஞ்சம் அரித்திருக்கிறது, ஆனால் இன்னும் ஓட்டலாமாம்.

பேக்வாஷ் செய்தபின் கேஜ் 15. சத்தம் போய்விட்டது. பகலில் குளத்துக்கு ஓட்டினால் அணையாமல் எரிகிறது. ஆனால் சாயங்காலம் ஸ்பாவுக்கு ஓட்டினால் இன்னமும் அணைகிறது. இது மட்டும் புரியவில்லை.

பம்ப்ரூம்வாசி:

பகலில் எரிகிறது, சாயங்காலம் அணைகிறது. பம்பின் டைமரைப் பாருங்கள். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று சாயங்காலத்துக்குக் குறைந்த வேகம் வைத்திருப்பார்கள். ஃபில்டருக்கு அது போதும், ஹீட்டருக்குப் போதாது. ஹீட்டர் எரியும் நேரம் முழுக்கப் பம்ப் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும், எவ்வளவு என்பது கையேட்டில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். ஸ்பா வால்வ் இரண்டும், உறிஞ்சுவதும் திரும்புவதும், கடைசி வரைக்கும் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள், பாதியில் நின்றால் குளத்துத் தண்ணீர் கலந்துவிடும், ஸ்பா சூடேறவே ஏறாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. ஹீட்டர் குளத்தின் நீர்மட்டத்தைவிடக் கீழே நின்றால், பம்ப் ஓடாதபோதும் மேலே நிற்கிற தண்ணீரின் கனமே ஸ்விட்சை அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு மீட்டருக்குச் சுமார் 1.4 பிஎஸ்ஐ. அந்த மாதிரி இடத்தில் பிரஷர் ஸ்விட்சை அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டத்தைப் பார்க்கிற ஃப்ளோ ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

ஈரத்துண்டு:

அதேதான் சார், டைமர்தான்! பம்ப் வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் வைத்திருந்தது. 2,600க்கு ஏற்றியதும் அணையவே இல்லை. 22 டிகிரியிலிருந்து 38க்கு முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. அம்மா உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனார்.

குளிர்காலத்துக்கு வேறு என்ன பார்க்க வேண்டும்? குளத்தையும் சேர்த்துச் சூடாக்கலாமா?

நீலவால்வ்:

கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் சூடு வேண்டும். உங்கள் ஹீட்டர் தண்ணீருக்குக் கொடுப்பது 60 கிலோவாட் பக்கம். ஸ்பாவுக்கு ஒரு டிகிரி இரண்டரை நிமிடம், குளத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு 5 கிலோவுக்கு மேல் எல்பிஜி போகும். குளிரில் குளத்தை விட்டுவிட்டு ஸ்பாவை மட்டும் ஓட்டுங்கள், இறங்கியதும் மூடி போடுங்கள். சூடு அதிகம் போவது ஆவியாகித்தான், மூடி அதைத் தடுக்கும்.

சூடு 40 டிகிரிக்கு மேல் எப்போதும் வேண்டாம், அம்மாவுக்கு 38 போதும், ஒரு தடவைக்கு 15 நிமிடம். ரத்த அழுத்தம், இதய மருந்து எதுவும் இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டரின் திரையை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

சுடர்73:

குளிரில் சிலிண்டர் வெளிப்பக்கம் பனி பூத்தால் எரிகிற வேகத்துக்குக் கேஸ் ஆவியாகவில்லை என்று அர்த்தம், தீ தளரும், மறுபடி கரி பிடிக்கும். பெரிய டேங்க் அல்லது கூடுதல் சிலிண்டர் இணைப்பு பற்றி உங்கள் கேஸ்காரரிடமே கேளுங்கள். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, தீ காட்டுவது எல்லாம் கூடவே கூடாது. அந்தப் பண்டக அறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டிவிடுங்கள்.

பற்றிய புதிதில் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தால் பதறாதீர்கள், தண்ணீர் 10 டிகிரி போல ஜில்லென்று இருந்தால் புகையில் உள்ள ஈரம் குழாயில் வியர்த்து வடியும், சூடேறியதும் நிற்கும். நிற்காவிட்டால் ஓட்டை.

ஈரத்துண்டு:

உறைபனி வரும் நாட்களில் நாங்கள் ஊரில் இல்லாவிட்டால்?

பம்ப்ரூம்வாசி:

கேஸ் வால்வை மூடுங்கள், ஹீட்டருக்கும் பம்புக்கும் பிரேக்கரை இறக்குங்கள், ஹீட்டரின் இரண்டு பக்க வடிகால் மூடியையும் கழற்றித் தண்ணீர் முழுக்க வடியவிடுங்கள். பிரஷர் ஸ்விட்சுக்குப் போகிற மெல்லிய செப்புக் குழாயிலும் தண்ணீர் நிற்கும், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள், அது உறைந்தால் ஸ்விட்ச் நிஜமாகவே போய்விடும். கழற்றிய மூடிகளை ஒரு பையில் போட்டு ஹீட்டர் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள், அவற்றை மாட்டாமல் பம்பைப் போடக் கூடாது. ஊரில் இருக்கிற நாட்களில் உறைபனி இரவென்றால் பம்பை நிறுத்தாமல் ஓடவிட்டால் போதும். தினமும் ஸ்பா முடிந்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பம்பை இன்னும் 15 நிமிடம் ஓடவிடுங்கள், டைமரிலேயே அப்படி வைத்துவிடலாம்.