பாபினும் ஊசியும் சிக்காமல் வைக்க வழி சொல்லுங்கள்

வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன், சேலைக்கு ஃபால்ஸும் அடிப்பேன். பாபின் (மெஷினில் அடிநூல் சுற்றி வைக்கும் சின்ன உருளை), கொக்கி, ஊசி, பிரெஸ் பட்டன், சாக்பீஸ் எல்லாம் ஒரே பழைய பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கும். நேற்று மெரூன் பாபினை இழுத்தால் கூடவே ஏழெட்டு நிறமும் பின்னிக்கொண்டு வந்தது, கடைசியில் கத்தரித்துத்தான் பிரித்தேன். 14, 16 சைஸ் மெஷின் ஊசிகள் வேறு கலந்துவிட்டன, தண்டில் பொறித்த நம்பர் கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை. சென்னை உப்புக்காற்றில் பாதி துருப்பிடித்தது தனிக் கதை.

பாபினுக்கு மாத்திரை டப்பா சரிவருமா, இல்லை அதே நிற நூல்கண்டோடு சேர்த்தே வைக்க ஏதாவது வழி உண்டா? அப்புறம், லைனிங் வெட்டுத்துண்டுகளை நிறவாரியாக அடுக்குபவர்கள் ஒரு படம் போடுங்களேன். சுவரில் ஆணி அடிக்க மட்டும் சொல்லாதீர்கள், வீட்டு ஓனர் விடமாட்டார்.