ஸ்லூயிஸ்: வேர்ச்சொல் உதவி, அவசரம்

கரைவேலி: இந்தச் சொல்லுக்கு வேர் என்ன? அகராதி லத்தீன் என்கிறது. கூட வேலை பார்ப்பவர் ‘மூடு’ என்ற வினை என்கிறார். இன்றிரவு அடிக்குறிப்பு போயாக வேண்டும்.

மடைக்காரன்: எந்த மொழி? ஊர்ப்பெயரா, மதகா, கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டா?

கரைவேலி: டச்சு. கால்வாய் பற்றிய நூல்.

மடைக்காரன்: மதகா, பூட்டா என்றேனே!

தென்றல்77: கூட வேலை பார்ப்பவர் சொல்வதுதான் சரி. டச்சில் ‘ஸ்லௌட்டன்’ என்றால் மூடு. 1932-இல் கட்டி முடித்த ‘ஆஃப்ஸ்லௌட்டெய்க்’ அணையின் பெயரிலேயே அது இருக்கிறது. மதகும் மூடத்தானே?

பழஞ்சுவடி: முதலில், அது ‘ஸ்லௌஸ்’. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வேர் தேடக் கிளம்பிவிடுகிறார்கள், என்ன செய்ய. ஸ்லௌட்டனின் பிள்ளைகளைப் பாருங்கள்: பூட்டு ‘ஸ்லொட்’, சாவி ‘ஸ்லோட்டல்’. எல்லாவற்றிலும் ‘ட்’ நிற்கிறது. ஸ்லௌஸில் அது எங்கே போயிற்று? இது பிற்கால லத்தீன் ‘எக்ஸ்க்ளூசா’, அதாவது வெளியே தடுத்து நிறுத்தப்பட்டது. பழைய பிரெஞ்சில் ‘எஸ்க்ளூஸ்’ ஆகி, முன்னெழுத்து உதிர்ந்து டச்சுக்கு வந்தது. ரஷ்யரின் ‘ஷ்லூஸ்’ டச்சிலிருந்து போனது.

தென்றல்77: அந்த லத்தீனுக்குள்ளும் ‘மூடு’ இருக்கிறதே ஐயா!

பழஞ்சுவடி: இருக்கிறது, ‘க்ளௌதெரே’. ஸ்லௌட்டனும் அதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர் என்பது பொதுவான கருத்து. பங்காளி வேறு, பிள்ளை வேறு.

மடைக்காரன்: அந்த அணையின் மதகுகளுக்கே ஸ்டெவின், லோரன்ட்ஸ் பெயரில் ‘ஸ்லௌசன்’ என்றுதான் பெயர். அணைக்கு ஒரு சொல், மதகுக்கு வேறு சொல். டச்சில் மதகு, நீர்ப்பூட்டு இரண்டுக்கும் ஸ்லௌஸ்தான், அதனால்தான் எது என்று கேட்டேன்.

யாழ்ப்பொடியன்: லத்தீன் டச்சு வழியா எங்களிட்டயும் வந்திருக்கு. அலுவலகத்தை எங்கட ஆக்கள் கந்தோர் எண்டுதான் சொல்லுறது.

தென்றல்77: அது போர்த்துகீசியம்.

யாழ்ப்பொடியன்: இல்லை அண்ணை. டச்சு ‘கான்டோர்’. பிரெஞ்சு ‘கோந்த்வார்’, அதுக்கு முதல் லத்தீன் ‘கணக்கிடு’. 1658 இல யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சது ஒல்லாந்தர்தானே.

தென்றல்77: அதற்கு முன்னால் கோட்டையில் இருந்தது யார்? போர்த்துகீசியரும் கணக்கு எழுதியிருப்பார்கள்.

கரைவேலி: லத்தீன் என்றே போட்டு அனுப்பிவிட்டேன். நன்றி.

பழஞ்சுவடி: பிரெஞ்சு வழியாக என்று சேர்த்தீர்களா?

யாழ்ப்பொடியன்: அண்ணை, கணக்கு எழுதினதெண்டா சொல்லும் அவங்கடையோ? போர்த்துகீசில ‘கான்டோர்’ எண்டு ஒரு சொல் காட்டுங்கோ, விட்டுடுறன்.