பல பேர் புழங்கும் எடிட்டிங் கணினியில் ப்ராஜெக்டை எங்கே வைப்பது?

கயல்:
வணக்கம். எங்கள் குழுவில் ஆறு பேர். எடிட்டிங் கணினி இரண்டுதான். எது காலியாக இருக்கிறதோ அதில் உட்காருவோம். 20 நிமிட ஆவணப்படம் ஒன்றை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபுட்டேஜ் என் சொந்த எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருக்கிறது.

செவ்வாயன்று முதல் கணினியில் ஒன்பது நிமிடம் வரை முடித்தேன். வியாழனன்று அது கிடைக்காததால் இரண்டாவதில் டிஸ்கைச் சொருகினேன். ரிசால்வைத் திறந்தால் என் ப்ராஜெக்டே இல்லை. டிஸ்க் முழுக்கத் துழாவியும் ப்ராஜெக்ட் ஃபைல் அகப்படவில்லை. மறுநாள் முதல் கணினிக்கே திரும்பினேன். ப்ராஜெக்ட் இருந்தது, ஆனால் டைம்லைன் முழுக்கச் சிவப்பு: ‘மீடியா ஆஃப்லைன்’, அதாவது ஃபுட்டேஜ் எங்கே என்று ரிசால்வுக்குத் தெரியவில்லை. இதற்கிடையே டி டிரைவ் நிரம்பிவிட்டதென்று யாரோ சுத்தம் செய்ததில், அங்கே வைத்திருந்த பின்னணிக் குரல் பதிவும் போய்விட்டது. அழித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஃபோல்டருக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. இனி எப்படி அடுக்கி வைப்பது?

வெட்டுமேசை:
கயல், ஒன்பது நிமிட வெட்டு பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள். ரிசால்வ் ப்ராஜெக்டை ஃபுட்டேஜ் பக்கத்தில் ஒரு ஃபைலாக வைக்காது. ‘ப்ராஜெக்ட் லைப்ரரி’ என்ற தரவுத்தளத்தில் சேமிக்கும். அது இயல்பாக அந்தந்தக் கணினிக்குள் இருக்கும். அதனால்தான் இரண்டாவது கணினிக்கு உங்கள் வேலையைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

ப்ராஜெக்ட் மேனேஜரில் இடப்பக்கம் லைப்ரரிப் பட்டியலைத் திறந்து, உங்கள் டிஸ்கிலேயே புதிய லைப்ரரி ஒன்று உருவாக்குங்கள். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ‘கனெக்ட்’ கொடுத்தால் போதும். பழைய ப்ராஜெக்டை முதல் கணினியில் டிஆர்பி (ரிசால்வ் ப்ராஜெக்டின் நகல்) ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து இதற்குள் இம்போர்ட் செய்துவிடலாம். அதன் பிறகும் தினமும் வேலை முடிந்து கணினியை விட்டு எழும் முன் ஒரு டிஆர்பி எடுத்து வையுங்கள். அதில் ஃபுட்டேஜ் சேராது, வெட்டு விவரம் மட்டும்தான், மின்னஞ்சலில்கூட அனுப்பிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: இரண்டு கணினியிலும் ஒரே ரிசால்வ் பதிப்பு இருக்க வேண்டும். புதிய பதிப்பில் திறந்து மேம்படுத்திய லைப்ரரியைப் பழையது திறக்காது.

சிவப்புத் திரைக்குக் காரணம் பெரும்பாலும் டிரைவ் எழுத்து. செவ்வாயன்று உங்கள் டிஸ்க் ‘இ’ என்று வந்திருக்கும். அடுத்த முறை வேறொருவரின் பென்டிரைவ் அந்த எழுத்தைப் பிடித்திருக்கும். கணினி நிர்வாகியிடம் சொல்லி, டிஸ்க் மேனேஜ்மென்டில் உங்கள் டிஸ்குக்கு ‘வி’ மாதிரி கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை இரண்டு கணினியிலும் கொடுக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு மீடியா பூலில் (ப்ராஜெக்டில் சேர்த்த கிளிப்புகள் தெரியும் இடம்) கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ‘ரீலிங்க்’ கொடுத்து, டிஸ்கின் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

நான் பார்த்தவரை உண்மையில் தொலைவது கேமரா ஃபுட்டேஜ் அல்ல. அவசரத்துக்கு டெஸ்க்டாப்பில் இறக்கிய இசை, டவுன்லோட்ஸில் கிடக்கும் லோகோ, உங்கள் குரல் பதிவு மாதிரி நடுவில் வந்து சேர்பவைதான். ஒருமுறை ஒரு புல்லாங்குழல் துண்டை டெஸ்க்டாப்பிலிருந்தே டைம்லைனில் இழுத்துப் போட்டேன். கடைசி ரெண்டர் அன்று வேறு கணினி. படம் முழுக்க வந்தது, அந்த நாற்பது விநாடி மட்டும் மௌனம். அன்றிலிருந்து எதையும் முதலில் டிஸ்கில் போட்டு, அங்கிருந்துதான் ரிசால்வுக்குள் இழுக்கிறேன்.

ஃபோல்டரை ரொம்ப நுணுக்க வேண்டாம். மேலே ஆண்டு-மாதம், படத்தின் பெயர், உங்கள் பெயர். உள்ளே ஃபுட்டேஜ், ஒலி, கிராபிக்ஸ், ப்ராஜெக்ட், எக்ஸ்போர்ட். எடிட்டிங் தொடங்கிய பின் இந்தப் பெயர்களை மாற்றவே கூடாது.

கேஷ் (வேகத்துக்காக ரிசால்வ் உருவாக்கும் தற்காலிக ஃபைல்கள்) மட்டும் கணினியின் உள் டிஸ்கில் இருக்கட்டும். யார் அழித்தாலும் மறுபடி உருவாகிவிடும். ஆனால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ‘ஒர்க்கிங் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் கேலரி ஸ்டில்களின் இடத்தையும் பாருங்கள். நிறத்தை ஒப்பிட்டுச் சரிசெய்ய எடுத்து வைத்த அந்த ஸ்டில்கள் கேஷோடு சேர்ந்து அழிந்தால் திரும்ப வராது.

ஒலிக்காரன்:
இரண்டில் ஒன்று மேக் என்றால் டிஸ்கை எக்ஸ்ஃபேட்டில் (விண்டோஸ், மேக் இரண்டும் படித்து எழுதும் டிஸ்க் அமைப்பு) ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள டிஸ்கை மேக் படிக்கும், இயல்பாக எழுதாது. ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (எழுதுவதைக் குறித்து வைத்து, பாதியில் நின்றால் சரிசெய்ய உதவும் வசதி) இல்லாததால் ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கவே கூடாது.

குரல் பதிவை எதில் எடுத்தீர்கள்? ரெக்கார்டர் என்றால் அதன் கார்டை இன்னும் ஃபார்மேட் செய்திருக்க மாட்டீர்களே?

கயல்:
ஒலிக்காரன் அண்ணா, கார்டில் இருக்கிறது! நகல் எடுத்தோமே என்று அழிக்கப் போனவள், பேட்டரி தீர்ந்ததால் விட்டுவிட்டேன். அதே பெயரில் ஒலி ஃபோல்டருக்குள் போட்டு ரீலிங்க் கொடுத்தேன், அப்படியே வந்து உட்கார்ந்தது. லைப்ரரியையும் டிஸ்குக்கு மாற்றிவிட்டேன். 214 கிளிப்பில் இரண்டுதான் இன்னும் சிவப்பு.

வெட்டுமேசை:
அந்த இரண்டின் பழைய பாதையை மீடியா பூலில் பாருங்கள். டெஸ்க்டாப் என்று இருந்தால், அன்று எந்தப் பயனர் கணக்கில் நுழைந்தீர்களோ அதே கணக்கில் போய்த் தேடுங்கள். கார்டை ஃபார்மேட் செய்வது, இன்னொரு டிஸ்கிலும் நகல் ஏறிய பிறகு.

கயல்:
ஆமாம், இரண்டும் டெஸ்க்டாப்தான். வேறு கணக்கு. எடுத்துவிட்டேன்.