புதுப்பிப்பு: ரயில்வேயில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா

தொப்பியும் கோட்டுமாக நிற்கும் கொள்ளுத்தாத்தாவின் படத்தைப் போட்டு, எந்த ரயில்வே, என்ன வேலை என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி படத்தை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். தொப்பி வில்லையில் எஸ்.ஐ.ஆர். என்று இருக்கிறது. தென்னிந்திய ரயில்வே! அது 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டதால், படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஒரு பி.எஃப். சீட்டும் கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, மை பழுப்பேறிப் போயிருந்தாலும் 'ஃபிட்டர்', 'பொன்மலை' இரண்டும் படிக்க முடிகிறது.

எனக்குப் பெரிய விஷயம் இனிமேல்தான். தாத்தா பிறந்தது நாகப்பட்டினம், அவருடைய தம்பி பிறந்தது பொன்மலை. ஏன் ஊர் மாறினார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்குப் போனது. பணிமனையோடு குடும்பமும் கிளம்பியிருக்கிறது என்றே நம்புகிறேன். அதைப் படித்த இரவு தூக்கமே வரவில்லை.

சீட்டில் பணியாளர் எண்ணும் இருக்கிறது. அதை வைத்துப் பழைய பணிப்பதிவேட்டைத் தேடிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.